பாலையில் அடிவைக்கும் முறை



பாலை என்னும் சொல் தமிழ் நெஞ்சிற்குப் புதியதன்று. தொல்காப்பியர் அதனை நடுவுநிலைத் திணை என்றார். அதற்கெனத் தனிநிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்கிற்று. மழை வந்தால் அந்தப் பாலை மீண்டும் முல்லையாகும். ஆயின், என்றும் பாலையாகவே நிற்கும் நிலங்களும் உலகில் உள. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் என்னும் சிற்றூருக்கு வடக்கே விரிந்து கிடக்கும் ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா அத்தகையது. ஆண்டு முழுவதும் அங்கே பெய்யும் மழை 20 முதல் 25 சென்டிமீட்டர் அளவே.

அப்பூங்காவின் ஒரு பகுதிக்கு ஃபியரி ஃபர்னஸ் என்று பெயர். தமிழில் தீச்சூளை எனலாம். வெப்பத்தால் வந்த பெயரன்று அது. மாலைக் கதிர் படுங்கால் அங்குள்ள செம்பாறைகள் கனன்று தோன்றுவதால் வந்தது. நெடிய பாறைச் சுவர்களும், அவற்றிடையே ஓராள் ஒருக்களித்து நுழையும் சந்துகளும் பின்னிக் கிடக்கும் இடம் அது. அங்கே சீராக இட்ட பாதை இல்லை. விண்ணிலிருந்து வழி காட்டும் ஜிபிஎஸ் கருவியும் அச்சுவர்களிடையே நம்பத்தக்கதாக இராது. ஆதலால், ரேஞ்சர் எனப்படும் பூங்காக் காவலரோடு செல்ல வேண்டும்; அல்லது தனியே செல்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். காவலரோடு நடக்கப் புறப்படும் பயணி எவ்வாறு ஆயத்தமாகிறார், அந்த ஆயத்தம் அவருக்கு எதைக் கற்பிக்கிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் அந்நிலம் உருவான வகையை அறிதல் நலம். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் புகுந்து புகுந்து வற்றியது. தடித்த உப்புப் படுகை எஞ்சியது. அதன்மேல் மணலும் வண்டலும் படிந்து கல்லாயின. மேலிருந்த சுமையைத் தாங்காமல் உப்பு நெளிந்து, ஓரிடத்தில் புடைத்து, ஓரிடத்தில் கரைந்தது. மேலே இருந்த எண்ட்ராடா மணற்கல் இணைகோடுகளாக வெடித்தது. வெடிப்புகளில் மழைநீரும் பனிக்கட்டியும் புகுந்து அகழ, மீனின் முதுகுத் துடுப்புப் போன்ற மெல்லிய பாறைச் சுவர்கள் தனித்தனியே நின்றன. அச்சுவர்களில் துளை விழுந்தால் அதுவே வளைவு. பூங்காவில் இத்தகைய வளைவுகள் 2000க்கும் மேல் உள்ளன. அவை நிலையானவையும் அல்ல. 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் என்னும் பெருவளைவு இடிந்து வீழ்ந்தது. கல்லும் அங்கே காலத்தின் கைப்பொருளே.

ஆயத்தத்தின் முதற்படி தன்னை அறிதல். தீச்சூளை நடையின் தொலைவு 3 கிலோமீட்டர் அளவே. எனினும் அதற்கு இரண்டரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகும். உடைந்த பாறைகளில் கையும் காலும் ஊன்றி ஏற வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் குறுகிய திட்டுகளில் நடக்க வேண்டும். இடைவெளிகளைத் தாண்ட வேண்டும். உயரத்தைக் கண்டு நடுங்குபவரும், நெருங்கிய இடத்தில் மூச்சு முட்டுபவரும் முன்னரே அதனை ஒப்புக்கொள்வது நலம். ஐந்து வயது நிறையாத குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. புறப்படுமுன் காவலர் ஒவ்வொருவருடைய காலணியையும் நீர்க்குடுவையையும் நோக்குவது அதிகாரச் செருக்கால் அன்று. ஒருவர் கால் பிசகினால், அவரை அச்சந்துகளிலிருந்து தூக்கி வருவது எத்துணைக் கடினம் என்பதை அவர் அறிவார்.

இரண்டாவது நீர். கோடையில் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது அங்கே இயல்பு. நாள் முழுதும் வெளியில் திரிபவர் குறைந்தது 4 லிட்டர் நீர் கொள்ள வேண்டும் என்பது பூங்காவின் அறிவுரை. வறண்ட காற்றில் வியர்வை தோலில் நில்லாது உலர்ந்துவிடும். ஆகவே, இழந்த நீரின் அளவு இழந்தவருக்கே தெரியாது. நாவறளும் வரை காத்திருப்பவர் காலம் தாழ்த்தியவர். வெறும் நீரை மட்டும் பருகிக்கொண்டே இருப்பதும் தீது. உடலின் உப்பு நீர்த்துப்போய் மயக்கம் வரும். உப்பிட்ட தின்பண்டம் சிறிது உடன் வேண்டும். முதுகுப்பை சிறிதாக இருக்க வேண்டும். பருத்த பை சந்தில் சிக்கும். செருப்பு உதவாது, பாறையைப் பற்றும் அடிப்பகுதி உள்ள காலணியே வேண்டும்.

மூன்றாவது காலம். பாலைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று வகுத்தனர் தமிழ் முன்னோர். பிரிவின் துயருக்கு உச்சி வெயிலே உரிய பின்னணி என்று அவர் கண்டனர். யூட்டாவில் காவலரின் அறிவுரை அந்நண்பகலை ஒதுக்குக என்பதே. கவிதைக்கு உரிய பொழுது, கால்நடைக்கு உரிய பொழுதன்று. கோடையின் பிற்பகுதியில் பிற்பகல் இடிமழையும் உண்டு. எங்கோ பெய்த மழை, இங்கே வறண்டு கிடந்த ஓடையில் திடீர் வெள்ளமாகப் பாயும். ஆதலால், வானத்தை நோக்காமல் பாலையில் புகுதல் ஆகாது.

இதுவரை கூறியன எல்லாம் பயணியின் உயிரைக் காக்கும் ஆயத்தங்கள். நான்காவது ஆயத்தம் நிலத்தின் உயிரைக் காப்பது. காவலர் இதைச் சொல்லும்போதுதான் பலர் முதன்முறையாகக் குனிந்து நோக்குகின்றனர். அங்கே மணலின்மேல் கருத்துத் திரைந்து, புற்றுப் போலச் சிறு முடிச்சுகளாக எழுந்து நிற்கும் ஓர் ஓடு உண்டு. அறியாதார்க்கு அது அழுக்கு மண். உண்மையில் அது நீலப்பச்சைப் பாசியும் லைக்கனும் பிற நுண்ணுயிர்களும் சேர்ந்து நெய்த ஆடை. மழை பட்டதும் பாசியின் நுண்ணிழைகள் மணலூடே நகர்கின்றன. பின்னே ஒட்டும் உறையை விட்டுச் செல்கின்றன. அவ்வுறைகளே மணல் துகள்களைப் பிணித்து, காற்றிலும் நீரிலும் மண் போகாமல் தடுக்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்குவதும் அந்த உயிர்களே. அதில் ஒருமுறை கால் பதிந்தால் பிணைப்பு நொறுங்கும். அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பாறைக் குழிகளில் தேங்கிய மழைநீரும் அவ்வாறே. அதில் மிகச் சிறிய இறால் இனங்கள் வாழ்கின்றன. நீர் வற்றினாலும் அவற்றின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அடுத்த மழையில் பொரிக்கின்றன. முகத்தில் பூசிய வெயில் களிம்பு கலந்த கையை அதில் கழுவினால், அச்சிறு கடல் நஞ்சாகும். வற்றிய குழியில் மிதித்தாலும் முட்டைகள் மடியும். ஆகவே காவலரின் கட்டளை எளியது: பாறையின்மேல் நட, இல்லையேல் ஓடை மணலில் நட, மற்ற இடத்தில் அடி வைக்காதே. அதனால் நடை ஒற்றை வரிசையாகிறது. முன்செல்பவர் வைத்த அடியிலேயே பின்செல்பவர் அடி வைக்கிறார்.

கவிஞர் ஒருவர் இங்கே வினவக்கூடும்: பாலையின் பெருமையே தனிமையன்றோ? காவலர் முன்னே செல்ல, பன்னிருவர் பின்னே வரிசையாகச் செல்லும் நடையில் தனிமை ஏது? நேர்மையான வினாவே. பாலையின் தனிமையைப் போற்றி எழுதியவர்களுள் முதன்மையானவர் எட்வர்ட் ஆபி. பூங்காக்களுக்குள் தார்ச்சாலை இடுவதையும், வண்டியைவிட்டு இறங்காமலே இயற்கையைக் காண விழைவதையும் கடிந்தவர் அவர். 1968இல் வெளிவந்த அவருடைய டெசர்ட் சாலிடேர் என்னும் நூல் பிறந்த இடம் இதே ஆர்ச்சஸ்தான். அவர் அங்கே வாழ்ந்தது 1956, 1957ஆம் ஆண்டுகளின் பருவங்களில். வாழ்ந்தது பருவகாலக் காவலராக. தனிமையைப் பாடியவரே பிறர்க்கு வழி சொல்லும் பணியில் இருந்தார். இரண்டும் பகையல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. நிலத்தை அறிந்தவன் காலத்தைக் கொடுத்து அதனை அறிந்தான். அந்த அறிவைப் பிறர்க்கும் ஈய வேண்டிய கடன் அவனுக்கு உண்டு.

காவலர் பயணியின் காலைக் கட்டுகிறார்; கண்ணைத் திறக்கிறார். தனியே வந்திருந்தால் வளைவுகளைப் பார்த்துவிட்டு மீண்டிருப்பவர், இப்போது காலடியில் கிடக்கும் கருமண்ணையும் பார்க்கிறார். நடுவழியில் காவலர் அனைவரையும் அமரச் செய்து, சிறிது நேரம் பேசாதிருக்க வேண்டினால், அப்போது வாய்க்கும் அமைதி எவர்க்கும் குறைந்ததன்று.

பத்தாண்டு ஒரு வட்டம் நிலைத்து நிற்பது எளிதன்று. பலர் கூடி, கண்ணுக்குத் தெரியாத இழைகளால் ஒருவரையொருவர் பிணித்தே அது நிற்கிறது. தீச்சூளையின் கரிய மண்ணும் அவ்வாறே நிற்கிறது. நொறுக்குவதற்கு ஓர் அடி போதும். அடுத்த அடியை எங்கே வைப்பது என்று எண்ணிப் பார்ப்பதே அங்குச் செல்பவரின் முதல் ஆயத்தம். முடிந்த ஆயத்தமும் அதுவே.