கொடி இல்லாத கூட்டம்



நாம கூட்டம் சேர்க்கிறவங்க. இன்னைக்கு நான் சொல்ல வந்தது, கொடியே இல்லாத ஒரு கூட்டத்தைப் பத்தி.

எனக்கு வேண்டிய ஒருத்தரை ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு அழைச்சிட்டுப் போனேன். பேர் சொல்ல மாட்டேன். அங்க அதுதான் மரியாதை. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய அமைப்பு. கட்டணம் இல்லை, கட்சி இல்லை. குடியை நிறுத்தணும்ங்கிற ஆசை இருந்தா போதும்.

'ஓபன் மீட்டிங்'குக்குக் குடும்பத்தாரும் போகலாம். 'குளோஸ்டு மீட்டிங்' குடியை விட நினைக்கிறவங்களுக்கு மட்டும். இடம், நேரம், எந்த மொழின்னு அவங்க இணையதளத்துல பார்த்து, போன்ல உறுதி பண்ணிட்டுப் போங்க. குடும்பத்துக்குத் தனியா அல்-அனான் இருக்கு. அரசின் இலவச உதவி எண் 14446.

ஒரு எச்சரிக்கை: தினமும் நிறைய குடிக்கிறவர் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். முதல்ல டாக்டரைப் பாருங்க.

அன்னைக்கு அவர் கடைசி வரிசையில உட்கார்ந்தார். வாயே திறக்கல. வெளிய வந்ததும் கேட்டார்: "அடுத்தது எப்ப?"

நண்பர்களே, உங்க பூத்துலயும் இப்படி ஒருத்தர் இருப்பார். கூடப் போங்க. கரைவேட்டி வேணாம், செல்ஃபி வேணாம், டேக் வேணாம். எல்லாத்தையும் போஸ்ட் போடுற நாம, இதை மட்டும் போடாம இருப்போம்.