வெள்ளித் தட்டும் வெறுங்கையும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'வெள்ளைக்காரன் டிவி நாடகத்தப் பத்தி நமக்கு எதுக்கு ஒரு கூட்டம்?' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாடகத்தைவிட, அதைப் பார்க்கிற சனங்கள் அதைப் பற்றி எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடந்த காலத்தை யார் சரிபார்ப்பது, எதைச் சரிபார்ப்பது என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. இது நம்ம கேள்வியும்கூட.

'டவுன்டன் அபே' பிரிட்டனில் ஐ.டி.வி. 2010 செப்டம்பரிலிருந்து 2015 டிசம்பர் வரை ஒளிபரப்பிய தொடர். எழுதியவர் ஜூலியன் ஃபெலோஸ். 2011இல் இவரே பிரபுக்கள் சபையில் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினரானவர். தொடர் முடிந்த பிறகும் 2019, 2022, 2025 என மூன்று திரைப்படங்கள் வந்தன. யார்க்ஷயரில் ஒரு மாளிகை. மேலே கிராந்தம் பிரபு, அவர் மனைவி, மூன்று மகள்கள், அம்மாக் கிழவி. கீழே பட்லர் கார்சன், சமையல்காரி பாட்மோர், அடுப்படிப் பெண் டெய்சி, பரிமாறும் ஆட்கள், அறை கூட்டும் பெண்கள். 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கிய செய்தியோடு கதை தொடங்குகிறது. 1925ஆம் வருசத்தின் கடைசி ராத்திரியில் தொடர் முடிகிறது.

எந்த முள்கரண்டியை எங்கே வைப்பது, யாரை என்ன பட்டம் சொல்லிக் கூப்பிடுவது என்று பார்ப்பதற்கென்றே அலஸ்டேர் ப்ரூஸ் என்கிற வரலாற்று ஆலோசகரை வைத்திருந்தார்கள். அப்படியும் ரசிகர்கள் விடவில்லை. முதல் பருவத்திலேயே ஒரு வீட்டின்மேல் டிவி ஆண்டெனா தெரிகிறது, தெருவோரத்தில் இரட்டை மஞ்சள் கோடு இருக்கிறது என்று பிடித்தார்கள். 'லேர்னிங் கர்வ்' என்கிற பிற்காலப் பேச்சு அந்தக் காலத்து ஆள் வாயில் எப்படி வந்தது என்று கேட்டார்கள். 2014இல் ஐந்தாம் பருவத்துக்கான விளம்பரப் படம் ஒன்று வந்தது. பிரபு நிற்கிறார், மகள் நிற்கிறாள், பின்னால் கணப்படுப்புக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்! கதை நடப்பது 1924இல். உலகமே சிரித்தது. நடிகர்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாட்டிலைப் பிடித்துப் படமெடுத்து, குடிநீருக்காக வேலை செய்யும் வாட்டர்எய்ட் அமைப்புக்கு அதை விளம்பரமாக்கிவிட்டார்கள்.

இந்த ரசிகர்களை நான் கேலி செய்யவில்லை. காட்டுகிறதை எல்லாம் நம்பாமல் 'இது அப்ப இருந்துச்சா?' என்று கேட்கிற புத்தி நல்ல புத்தி. நம்ம பிள்ளைகளுக்கும் அது வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பாட்டில் தப்பு என்று எல்லாரும் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் அந்த வீட்டில் தண்ணி எப்படி மேலே போச்சு? தகரக் குடத்தில் வெந்நீரைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறியது யார்? விடியும் முன் எழுந்து அறை அறையாக நிலக்கரி கொண்டுபோய்ப் போட்டது யார்? கட்டிலுக்கு அடியில் இருந்த மூத்திரச் சட்டியைத் துணி போட்டு மூடிக் கீழே கொண்டுவந்து கழுவியது யார்? பாட்டில் அளவுக்கு இந்தக் கேள்விகளுக்குச் சத்தம் எழவில்லை.

இதில் இன்னொரு சங்கதி. மாளிகைக் காட்சிகளை ஹாம்ப்ஷயரில் இருக்கிற ஹைக்ளியர் கோட்டையில் எடுத்தார்கள். கார்னர்வன் பிரபு குடும்பத்தின் நிஜ வீடு அது. சமையலறையையும் வேலைக்காரர் கூடத்தையும் லண்டன் ஈலிங் ஸ்டுடியோவில் செட் போட்டு எடுத்தார்கள். பரிமாறுகிற ஆள் கீழே கதவைத் திறந்து வெளியே வந்தால், நிஜத்தில் பல மைல் தள்ளி இன்னொரு ஊரில் நிற்கிறான். எசமானனின் கூடம் நூறு வருசம் கழித்தும் படமெடுக்கிற மாதிரி பத்திரமாக இருக்கிறது. வேலைக்காரனின் அடுப்படியைப் புதுசாகக் கட்டித்தான் காட்ட வேண்டியிருக்கிறது. வரலாறு எந்தப் பொருளைச் சேமிக்கிறது, எதைத் தூக்கி எறிகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இருக்கிறதா?

அடுத்தது பாத்திரங்கள். கிராந்தம் பிரபுவை ரசிகர்களில் நிறையப் பேருக்குப் பிடிக்கும். ஏன்? பாட்மோர் கண் தெரியாமல் தடுமாறும்போது லண்டனுக்கு அனுப்பி ஆபரேசன் செய்ய வைக்கிறார். முதல் உலகப்போரில் கோழைத்தனம் என்று சொல்லித் தன் படையே சுட்டுக்கொன்ற பையன் ஒருவன் அவள் அக்காள் தங்கை வழிப் பிள்ளை. அவன் பெயரை ஊர் நினைவுத்தூணில் போட முடியாது என்றபோது, பிரபு தனியாக ஒரு கல் பதிக்கச் செய்கிறார். பார்க்கிறவர் கண் கலங்கும். நிஜ வரலாற்றில் அப்படிச் சுடப்பட்ட 306 சிப்பாய்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006இல். அதற்காகக் குடும்பங்கள் பல வருசம் போராட வேண்டியிருந்தது. நாடகத்தில் எசமானன் மனசு இளகியது, வேலை முடிந்தது.

இதைத்தான் நான் 'நல்ல எசமான்' கதையாடல் என்கிறேன். ஊருக்கு ஊர் நமக்கும் சொல்லுவார்கள்: 'அந்தப் பண்ணையார் தங்கமான மனுசன், பசின்னு வந்தவனுக்குச் சோறு போடாம அனுப்ப மாட்டார்.' இருக்கலாம். ஆனால் எசமான் குணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், பசியோடு அவன் வாசலில் போய் நிற்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்ற பேச்சு எழவே எழாது. 1911இல் இங்கிலாந்தில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலைக்காரிக்கு நோய் வந்தால் பணம் கிடைக்க, எசமானியும் வாரம் சில பென்ஸ் கட்டி ஸ்டாம்பு ஒட்ட வேண்டும். சீமாட்டிகள் கொதித்துப்போய், வேலைக்காரிகளையும் சேர்த்துக்கொண்டு 1911 நவம்பரில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் எதிர்ப்புக் கூட்டம் போட்டார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 1912 ஜூலையில். டைட்டானிக் மூழ்கி மூன்றே மாதம். நாடகத்தின் பெரிய சண்டைகளில் இந்தச் சண்டை இல்லை. பாட்மோரின் கண்ணுக்குப் பிரபுவின் இரக்கம்தான் மருந்து. உரிமை என்று வந்தால் இரக்கத்துக்கு வேலை இல்லாமல் போய்விடுமே!

ஆனால் அந்த நாடகத்திலேயே உண்மை எட்டிப் பார்க்கிற இடங்களும் உண்டு. புதுசாக வேலைக்கு வந்தவன் 'என்னை ஜிம்மின்னு கூப்பிடுவாங்க' என்கிறான். கார்சன் 'ஜேம்ஸ்' என்று முடித்துவிடுகிறார். எசமானர்கள் தங்கள் வசதிக்கு வேலைக்காரன் பெயரையே மாற்றிக் கூப்பிடுவது அங்கே சகஜமாக நடந்த விசயம். அடுத்து தாமஸ் பாரோ. இவன் வில்லனா நல்லவனா என்று ரசிகர்கள் ஓயாமல் சண்டை போட்டார்கள். ஆணை விரும்பும் ஆண். 1885ஆம் வருசச் சட்டப்படி அவனுக்கு ஜெயில். இங்கிலாந்தில் அந்த நிலை மாறத் தொடங்கியதே 1967இல்தான். மூன்றாம் பருவத்தில் அவனை வேலையைவிட்டு அனுப்புகிற கட்டம் வருகிறது. அப்போது அவன் கெஞ்சுவது சம்பளத்துக்காக அல்ல, ஒரு கடிதத்துக்காக. இங்கிலாந்தில் அதற்கு 'கேரக்டர்' என்றே பெயர். பழைய எசமான் எழுதித் தருகிற நன்னடத்தைச் சான்று. அது இல்லாமல் எந்த வீட்டிலும் வேலை கிடையாது. அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எசமானுக்குச் சட்டக் கட்டாயமும் கிடையாது. ஒரு மனுசனுடைய குணத்தை இன்னொருத்தன் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தான், தோழர்களே.

நாடகம் காட்டாததை வேலைக்காரியே எழுதியிருக்கிறார். மார்கரெட் பவல் 1907இல் பிறந்தவர். பதின்வயதில் அடுப்படி வேலைக்குப் போனவர். 1968இல் 'பிலோ ஸ்டேர்ஸ்' என்று தன் கதையை எழுதினார். எசமானி வீட்டு ஷூவின் கயிற்றைக்கூட இஸ்திரி போடச் சொன்னதை அதில் சொல்கிறார். ஒருநாள் வாசலுக்கு வந்த செய்தித்தாளை எடுத்து அப்படியே எசமானியிடம் நீட்டுகிறார். எசமானி, வெறுங்கையால் எதையும் தன்னிடம் தரக் கூடாது, வெள்ளித் தட்டில் வைத்துத்தான் தர வேண்டும் என்கிறாள். தன் கை பட்ட பொருளை நேராக வாங்கக்கூட ஒருத்திக்கு ஆகவில்லையே என்று அந்தப் பெண் குன்றிப்போகிறார்.

வெள்ளித் தட்டு சரியான காலத்துத் தட்டா, அதில் முத்திரை சரியா என்று ஆலோசகர் பார்ப்பார். அந்தத் தட்டு எதற்கு என்று கேட்டவர் மார்கரெட் பவல். நமக்கு இது புரிய விளக்கவுரை தேவையில்லை. நம்ம பாட்டன்களுக்கு வெள்ளித் தட்டு ஏது? உயரத்திலிருந்து ஊத்துவான், கையைக் குவிச்சுக் குடிக்கணும். டீக்கடையில் தனிக் குவளை.

அதுக்காக அதுவும் இதுவும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. வித்தியாசம் பெரிசு. அந்த வீட்டு வேலைக்காரி க்வென் டைப்பிங் பழகி, செக்ரட்டரி வேலைக்குப் போகிறாள். டெய்சி பாடம் படித்துப் பரீட்சை எழுதுகிறாள். நிஜத்திலும் யுத்தம் வந்ததும் பெண்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். மார்கரெட் பவல் ஐம்பது வயசுக்கு மேல் பரீட்சை எழுதி எழுத்தாளரானார். வேலையை விட்டால் வேலைக்காரி என்கிற பெயரும் விட்டுப்போகிறது. நமக்கு வேலை போனாலும் பெயர் போகாது. சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பாளிகளையே பிறப்பால் படிப்படியாகப் பிரிக்கிறது என்று அண்ணல் 1936லேயே எழுதிவிட்டார். அங்கே தட்டு வேலையோடு முடிந்தது. இங்கே செத்தாலும் சுடுகாட்டுப் பாதைவரை கூடவே வருகிறது.

இன்னொரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். 'வரலாற்றுச் சரித்தன்மை' என்பது சில நேரம் கதவை அடைக்கிற தாழ்ப்பாளாகவும் ஆகிவிடுகிறது. நான்காம் பருவத்தில் 1922 லண்டனில் ஜாக் ராஸ் என்கிற கறுப்பினப் பாடகன் வருகிறான். உடனே, இது இந்தக் காலத்துக்காகத் திணித்தது என்ற பேச்சும் வந்தது. அங்கே அவர்கள் இல்லாமலா 1919இல் லிவர்பூலிலும் கார்டிஃபிலும் கறுப்பின மாலுமிகளைத் தாக்கிக் கலவரம் நடந்தது? அதே 1922இல் லண்டன் கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவர் யார்? டாக்டர் அம்பேத்கர். தொடர் முடிந்த அதே 2015இல் அந்த வீடு நினைவகமானது. 'அப்ப நீங்க அங்க இல்ல' என்று எவனாவது சொன்னால் விலாசத்தோடு சொல்லுங்கள்.

இருந்தோம். அந்தத் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே இருந்தோம். அந்த வீட்டில் நாள் தவறாமல் தேநீர் வரும், கிழவி உறிஞ்சிக்கொண்டே கிண்டலடிப்பாள். அந்தக் காலத்து இங்கிலாந்து குடித்த தேயிலையில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. இலங்கைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி கூட்டிப்போன சனங்கள். அதில் மிகப் பலர் பள்ளர், பறையர், சக்கிலியர். அங்கேயும் ஒரு கடிதம் இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். நம்ம மொழிச் சொல். இந்த ஆட்களுக்கு இவ்வளவு கடன், கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டத்துத் துரை எழுதுகிற சீட்டு. இன்னொரு தோட்டத்துத் துரை கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். கடனும் கைமாறும், மனுசனும் கைமாறுவான். துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தது 1921இல். மாளிகையில் 'கேரக்டர்', மலையில் 'துண்டு'. கோப்பை எந்தக் காலத்துப் பீங்கான் என்று தேடுகிறவன் கொழுந்து யார் கிள்ளியது என்றும் தேடட்டும்.

அப்ப நாம என்ன செய்யணும்? நாளைக்கு நம்ம பக்கத்திலும் ஒரு ஜமீன் வீட்டுக் கதையைக் கோடிக்கணக்கில் செலவு செய்து எடுப்பார்கள். நகை சரியாக இருக்கும், தேக்குத்தூண் சரியாக இருக்கும், ஜமீன்தார் தங்கமானவராக இருப்பார். படியாளுக்கு நெல் அளந்த மரக்கால் சரியாக இருந்ததா? சாணிப்பால் கரைச்ச சட்டி எங்கே? சவுக்கு எங்கே மாட்டியிருந்துச்சு? இதைக் கேட்க நம்மிடம் பதிவு வேண்டும். 1971இல் 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' என்ற நாடகம் வந்து வேலைக்காரர்களை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. அந்த யோசனையைக் கொண்டுவந்த ஜீன் மார்ஷ், ஐலீன் அட்கின்ஸ் இருவருடைய பெற்றோர் தலைமுறையிலும் பணக்கார வீடுகளில் வேலை பார்த்தவர்கள் உண்டு. கீழே இருந்தவர்கள் பேசியதால்தான், எழுதியதால்தான், டவுன்டனுக்கே ஒரு கீழ்த்தளம் கிடைத்தது.

ஆகவே லீவுக்கு ஊருக்குப் போனால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். உங்க அப்பாயி, அம்மாயி, தாத்தனிடம் உட்காருங்கள். எந்த வாசல் வழியா உள்ள போனீங்க, எதுல வாங்கிக் குடிச்சீங்க, உங்கள என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டான், கூலி எதால அளந்தான், வேலைய விட்டுப் போகணும்னா யாரக் கேக்கணும். கேளுங்க. அவங்க சொல்ற பேச்சிலேயே எழுதுங்க, திருத்தாதீங்க. தேதி, ஊர்ப்பெயர் போடுங்க. அந்த நோட்டுதான் நம்ம வரலாற்று ஆலோசகர். அந்தத் தலைமுறை நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருக்கிறது.

நான் முடிக்கிறேன். இனி நீங்க பேசுங்க, விவாதிப்போம்.