மில்டன் பாடிய இரு வெடிமருந்துப் பாக்கள்

(சிவகாசியில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

  

வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்தால் என்ன விளையும் என்பதைச் சிவகாசியாருக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவ் வெடிமருந்தை ஆங்கிலப் பெரும்பாவலர் ஒருவர் தம் இளமையிலும் முதுமையிலும் பாடினார் என்பதும், முதலிற் பாடியதை இன்று அறிஞர் சிலரே அறிய, பின்னர்ப் பாடியது உலகெங்கும் நிலைத்தது என்பதும் பலர் அறியாத செய்திகள். அப் பாவலர் சான் மில்டன். ஒன்று ஏன் மறைந்தது, மற்றொன்று ஏன் நின்றது என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

மில்டன் 1608 திசம்பர் 9 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தையார் ஆவணம் எழுதும் தொழிலர், இசையிலும் வல்லவர். மகனார் இளமையிலேயே இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், இத்தாலியம் எனப் பன்மொழி கற்றார். கேம்பிரிட்சில் பயின்ற காலத்தில், 1626-இல், தம் பதினேழாம் அகவையில் வெடிமருந்தைப் பாடினார். 1605 நவம்பர் 5 அன்று, இங்கிலாந்துப் பாராளுமன்றத்தின் கீழறையில் வெடிமருந்து மிடாக்களை அடுக்கி, அரசனையும் அவையையும் ஒருங்கே தகர்க்கச் சூழ்ந்தோரின் சூழ்ச்சி வெளிப்பட்டது. அந் நாளை ஆங்கிலேயர் இன்றும் தீ வளர்த்து, வாணம் விட்டுக் கொண்டாடுகின்றனர். அச் சூழ்ச்சியே 200 வரிகளுக்கு மேற்பட்ட அப் பாவின் பொருள். மொழியோ இலத்தீன்!

மீண்டும் பாடியது முதுமையில். 'இழந்த துறக்கம்' எனத் தமிழிற் கூறத்தகும் பெருங்காப்பியத்தின் ஆறாம் காண்டத்தில், கடவுளை எதிர்த்த வானவர் நிலத்தை அகழ்ந்து, வெடியுப்பும் கந்தகமும் எடுத்துப் பதப்படுத்தி, பீரங்கி வார்த்துப் போரின் இரண்டாம் நாளில் வெடிக்கின்றனர். எதிரணி வானவரோ மலைகளைப் பெயர்த்தெறிந்து அப் பீரங்கிகளைப் புதைக்கின்றனர். இக் காப்பியத்தின் மொழி ஆங்கிலம், அவர்தம் தாய்மொழி.

பாடியவர் ஒருவரே, பாடுபொருளும் ஒன்றே. கற்றோர்க்கு மட்டுமே உரிய மொழியிற் பாடியது கற்றோர் பேழைக்குள் அடங்கிற்று. தாய்மொழியிற் பாடியதோ மக்களிடையே வாழ்ந்தது. இளமையின் முதிராமையும் ஒரு காரணம் எனலாம். எனினும், மொழியே தலைமைக் காரணம் என்பதை மில்டனே உணர்ந்திருந்தார். 1642-இல் எழுதிய உரைநூலொன்றில், இலத்தீனில் எழுதி இரண்டாம் நிலைப் புலவராவதினும் தம் நாட்டு மொழியை அணிசெய்வதே தம் துணிவு என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். இலத்தீன் அறியாதவர் கூறியதன்று இது. 1649 முதல் அரசின் அயல்மொழிச் செயலராக இருந்து, பிறநாட்டரசுகளுக்கு இலத்தீனிலேயே மடல் வரைந்தவர் அவர். அயன்மொழியை அலுவலுக்குக் கொண்டார். உள்ளத்தைத் தாய்மொழிக்கே ஈந்தார்.

ஆனால் ஒரு குறையை மறைத்தல் நேர்மையாகாது. மில்டனின் ஆங்கிலத்தில் இலத்தீன் சொற்களும் இலத்தீன் தொடரமைப்பும் மிகுதி. 18-ஆம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் சாமுவேல் சான்சன், அது கலப்பு நடை எனக் குறை கூறினார். தாய்மொழியைத் தெரிந்தெடுத்தவரும் அதன் தூய்மையைக் காக்கத் தவறலாம் என்பதற்கு மில்டனே சான்று. அவர் துணிவைக் கொள்வோம், கலப்பைத் தள்ளுவோம்.

1652-இல், நாற்பத்து மூன்றாம் அகவையில், அவர் இரு கண்ணும் இழந்தார். 1660-இல் மன்னராட்சி மீண்டபோது அவர் நூல்கள் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டன. அவரும் சிலகாலம் சிறையிருந்தார். இத்தனைக்கும் நடுவே, பத்தாயிரம் வரிக்கு மேற்பட்ட காப்பியத்தை இரவில் உள்ளத்தே யாத்து, காலையில் பிறர் எழுதச் சொன்னார்.

இங்கே நெஞ்சை வருத்தும் செய்தியொன்று உண்டு. அவர் மருகர் எட்வர்டு பிலிப்சு 1694-இல் எழுதிய வரலாறு அதனைக் கூறுகிறது. பார்வையிழந்த தந்தைக்கு மகளிர் இருவர் எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழி நூல்களைப் படித்துக் காட்டினர். அம் மொழிகளில் ஒன்றேனும் அவர்களுக்குப் பொருள் விளங்காது. ஒலிக்க மட்டுமே பழக்கப்பட்டிருந்தனர்! சலிப்புற்று அவர்கள் முறையிட்டதில் வியப்பென்ன? உலகுக்குத் தாய்மொழியில் பாடியவர், தம் மகளிர் வாயில் பொருளற்ற ஒலியை வைத்தார். தமிழ்நாட்டு வகுப்பறைகளில், ஆங்கில விடைகளைப் பொருளறியாது நெட்டுருச் செய்யும் சிறுவர் சிறுமியர் அம் மகளிரின் உடன்பிறப்பினர் அல்லரோ? ஒலிப்பது கல்வியன்று, உணர்வதே கல்வி.

அச்சுத்தொழில் செழித்த இவ்வூரார்க்குச் சுவைதரும் செய்தி ஒன்று. 1667 ஏப்பிரல் 27 அன்று, அச்சகத்தார் சாமுவேல் சிம்மன்சுடன் மில்டன் உடன்படிக்கை செய்தார். கையிற் கிடைத்தது ஐந்து பவுண்டு. 1300 படிகள் விற்றபின் இன்னும் ஐந்து. 1674-இல் அவர் மறைந்தார். எஞ்சிய உரிமையை அவர் மனைவியார் 1680-இல் எட்டுப் பவுண்டுக்கு விட்டுக்கொடுத்தார். உலகப் பெருங்காப்பியத்திற்குக் குடும்பம் பெற்ற ஊதியம் மொத்தம் பதினெட்டே பவுண்டு!

இக் காப்பியத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தவருள் முன்னோடி, நெல்லை நாட்டு வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார் (1857–1946). கால்நடை மருத்துவத் துறை அலுவலராய் இருந்துகொண்டே, முதற் காண்டத்தை 1895-இல் 'சுவர்க்க நீக்கம்' என வெளியிட்டார். அரும்பணி! போற்றத்தக்கது. ஆயினும் 'துறக்கம்' என்னும் பழந்தமிழ்ச் சொல் சங்கநூல்களிலேயே இருக்க, வடசொல் தலைப்பேறியது அக்காலப் பழக்கத்தின் தடம். அவர் மீது பழியன்று. பின்வந்தோர் மீது கடமை.

அக் கடமைக்கு இவ் வட்டாரத்தினும் தக்க இடம் எது? அருகிலுள்ள திருத்தங்கலே சங்கத் தொகைகள் சுட்டும் தங்கால் என்பர். அவ்வூர்ப் பொற்கொல்லன் வெண்ணாகனார் நற்றிணைப் புலவருள் ஒருவர். உலைக்களத்தில் உழைத்த கையே பாட்டும் எழுதியது. தொழிலும் தமிழும் இங்கே ஒருநாளும் பிரிந்திருந்ததில்லை. முதலியார் பெயர்த்தது முதற் காண்டம். வெடிமருந்து வருவதோ ஆறாம் காண்டம். அதனைத் தமிழாக்க முனையும் புலவர் அகரமுதலியை மட்டும் நம்பியிராது, சிவகாசித் தொழிற்கூடங்களுக்கும் வருக. மருந்து கலத்தல், திரி வைத்தல், கரி இடித்தல் முதலிய வினைகளுக்குரிய சொற்கள் இங்குள்ள தொழிலாளர் நாவில் உயிரோடு உள்ளன. அவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டு எழுதுக.

இலத்தீன் வல்ல மில்டனே இறுதியில் தாய்மொழிக்குத் திரும்பினார். தமிழர் திரும்புவதற்குக் கண்ணிழக்கும் வரை காத்திருக்க வேண்டுமோ?

வாழ்க தமிழ்!