கைபிணைந்த வட்டம்: ஆய்ச்சியர் குரவையும் காஞ்சிக் கூத்தும்

(திருவிழா நாளில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



துறவைத் தலையாய அறமாகப் போற்றும் சமயத்தின் திருவிழாவில் ஆடலைப் பற்றிய உரை பொருந்துமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். அதற்கு விடை சமண நூல்களிலேயே உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஜினசேனர் இயற்றிய ஆதிபுராணம், ஆதிபகவனின் பிறவித் திருநாளில் இந்திரன் மகிழ்ச்சி மேலீட்டால் ஆடிய கூத்தினை விரித்துரைக்கின்றது. அதே நூல், நீலாஞ்சனை என்னும் தேவமகள் ஆடிக்கொண்டிருக்கும்போதே ஆயுள் முடிந்து மறைந்ததையும், அக்காட்சியே விருஷபதேவரின் உள்ளத்தில் துறவை விளைத்ததையும் சொல்கின்றது. பிறப்பின் மகிழ்ச்சியை ஓர் ஆடல் அறிவித்தது; நிலையாமையை மற்றோர் ஆடல் உணர்த்தியது. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணத்திலும் நாடக சாலைகள் உண்டு. அங்கே பன்னிரண்டு அவைகளில் தேவரும், மக்களும், விலங்குகளும் பகை மறந்து அமர்ந்து கேட்கின்றனர்.

ஆயினும் இன்றைய உரை விண்ணவர் ஆடலைப் பற்றியதன்று. மண்ணில் வாழும் எளிய மக்கள் கைகோத்து ஆடிய ஆடலைப் பற்றியது.

தமிழில் அதன் பழம்பெயர் குரவை. எழுவரேனும் ஒன்பதின்மரேனும் கைபிணைந்து வட்டமாக நின்று ஆடும் கூத்து என்று உரையாசிரியர்கள் அதற்கு இலக்கணம் கூறுவர். தொல்காப்பியம் போர்க்களத்துத் தேரின் முன்னும் பின்னும் ஆடிய குரவைகளைக் குறிக்கின்றது. மலைபடுகடாம் குறவரின் குரவையைக் காட்டுகின்றது. புறநானூறு கடற்கரைப் பரதவரின் குரவையைக் காட்டுகின்றது. முல்லைக்கலி, ஏறு தழுவிய பின் ஆயர் இளைஞரும் மகளிரும் ஆடிய குரவையைப் பாடுகின்றது. மலையிலும் காட்டிலும் கடற்கரையிலும் தொழிலால் வேறுபட்ட மக்கள் யாவர்க்கும் அந்த வட்டம் பொதுவாக இருந்தது.

இவ்வாடலை மிக விரிவாகப் பதிவு செய்த நூல் சிலப்பதிகாரம். அதன் ஆசிரியர் இளங்கோவடிகள் சமணத் துறவி என்பது அறிஞர் பலரின் கொள்கை. அவர் தம் காப்பியத்தில் இருவகை ஆடலை வைத்துள்ளார். இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது மாதவியின் அரங்கேற்றம். ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் மன்னன் முன் அவள் ஆடுகின்றாள். அரங்கினை அளக்கும் கோலுக்கு இருபத்து நான்கு விரல் அளவு. அரங்கின் அகலம் ஏழு கோல். நீளம் எட்டுக் கோல். உயரம் ஒரு கோல். மூவகைத் திரைகள் உண்டு. ஆடலாசிரியன், இசையாசிரியன், முழவு வல்லோன், குழலோன், யாழோன் ஆகியோர் தத்தம் இடத்தில் நிற்கின்றனர். ஆடல் முடிந்ததும் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பரிசாகின்றன. ஆடுபவள் ஒருத்தி; காண்பவர் பலர். கலையின் சிகரம் அது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது மதுரையின் புறத்தே ஆயர்பாடியில் நிகழ்வது. அங்கே அரங்கு இல்லை, திரை இல்லை, மன்னன் இல்லை, பொற்பரிசும் இல்லை. குடத்தில் ஊற்றிய பால் உறையவில்லை. எருதின் கண்களில் நீர் வடிகின்றது. உறியில் வைத்த வெண்ணெய் உருகவில்லை. ஆட்டுக் குட்டிகள் துள்ளவில்லை. பசுக்கள் நடுங்கிக் கதறுகின்றன. அவற்றின் கழுத்து மணிகள் அற்று விழுகின்றன. ஏதோ துன்பம் வரப்போகின்றது என்று உணர்ந்த மாதரி என்னும் இடைக்குல மூதாட்டி, தன் மகள் ஐயையை அழைத்துக் குரவை ஆடுவோம் என்கின்றாள். எதற்காக? கறவைகளும் கன்றுகளும் துயர் நீங்க வேண்டும் என்பதற்காக. வாயில்லா உயிர்களின் வருத்தம் தீரவே பெண்கள் ஆட எழுகின்றனர். உயிரிரக்கத்தை அறத்தின் வேராகக் கொண்ட ஒரு துறவி இந்தக் காரணத்தை எழுதும்போது அவர் உள்ளம் எவ்வளவு கனிந்திருக்கும்!

மாதரி ஏழு கன்னியரைத் தேர்ந்து வட்டமாக நிறுத்துகின்றாள். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழிசையின் பெயர்களையே அவர்கட்குச் சூட்டுகின்றாள். குரலாக நிற்பவள் மாயவன் ஆகின்றாள். இளியாக நிற்பவள் பலதேவன் ஆகின்றாள். துத்தமாக நிற்பவள் நப்பின்னை ஆகின்றாள். பின்னர் எழுவரும் நண்டின் கால்போல் விரல் கோத்த கற்கடகக் கையராய்ப் பாடி ஆடுகின்றனர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு சுரம் தனித்து நின்றால் பண் பிறவாது. ஏழும் தம் தம் இடத்தில் நின்றால்தான் இசை. எனவே வட்டத்தில் நிற்கும் எவளும் மிகையானவள் அல்லள். எவளும் குறைந்தவளும் அல்லள்.

மற்றொன்றும் கருதத்தக்கது. இக்குரவையில் பாடப்படுபவன் கண்ணன். குன்றக்குரவையில் மலைவாழ் மக்கள் முருகனைப் பாடுகின்றனர். வேட்டுவ வரியில் எயினர் கொற்றவையை வழிபடுகின்றனர். சமணத் துறவியாகிய ஆசிரியர், பிறர் வழிபாட்டையும் ஆடலையும் ஓரிடத்தும் தாழ்த்தாமல், அவரவர் நாவில் நின்றே பாடியுள்ளார். ஒரு பொருளைப் பல கோணங்களில் காண வேண்டும் என்னும் அநேகாந்தக் கொள்கைக்கு இலக்கியத்தில் இதனினும் சிறந்த சான்று காட்டல் அரிது. கண்ணன் சமண மரபுக்கும் அயலான் அல்லன். இருபத்திரண்டாம் தீர்த்தங்கரராகிய நேமிநாதரின் உறவினன் அவன். காஞ்சியை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் செல்வோர், மண்டபத்து விதானத்தில் தீர்த்தங்கரர் வரலாறுகளோடு கண்ணனின் இளமை வரலாறும் ஓவியமாகத் தீட்டப்பெற்றிருப்பதைக் காணலாம். அந்த மண்டபத்தைப் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விசயநகர அமைச்சர் இருகப்பர் எடுப்பித்தார். அதன் பெயரே சங்கீத மண்டபம் என்பது.

இனி, கண்ணகி எங்கே இருக்கின்றாள்? கவுந்தியடிகள் என்னும் சமணப் பெண் துறவி அவளை மாதரியிடம் அடைக்கலமாக ஒப்படைத்திருக்கின்றார். பெருங்குடி வணிகனின் மகள், ஆயர் மகளின் குடிலில் தங்கி, அவர்கள் ஆடும் குரவையைக் காண்கின்றாள். அவளும் காண ஆடுவோம் என்றே மாதரி சொல்கின்றாள். ஆனால் அவ்வேளையில் மதுரை நகருள் கோவலன் வெட்டுண்டு கிடக்கின்றான். ஆடல் முடிந்தபின் அச்செய்தி வந்து சேர்கின்றது. குரவை, வந்த துன்பத்தைத் தடுக்கவில்லை. ஆயினும் அது பிணைத்த கைகள் பொய்க்கவில்லை. அடைக்கலம் காக்க இயலவில்லையே என்று மாதரி தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தார். இடைக்குலத்து மூதாட்டியும் சமணத் துறவியும் வணிகர் குலமகள் ஒருத்தியின் துயரைத் தம் துயராக ஏற்றனர். கூடி ஆடியவர், கூடி வாழ்ந்தவர், கூடி வருந்தவும் அறிந்திருந்தனர்.

மேற்கு நாட்டிலும் இவ்வாறே. குசராத்தி மொழியின் மிகப் பழைய நூல்களுள் ஒன்று, சாலிபத்திர சூரி என்னும் சமணத் துறவி 1185-இல் இயற்றிய பரதேசுவர பாகுபலி ராசம். ராசம் என்னும் இலக்கிய வகையே வட்டமாக ஆடிப் பாடும் வழக்கத்திலிருந்து வளர்ந்தது. அவ்வாடல் மரபின் உறவாகிய கர்பா நடனத்தை யுனெஸ்கோ நிறுவனம் 2023-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. தெற்கிலும் மேற்கிலும் துறவியர் ஆடும் மக்களை விட்டு விலகிச் செல்லவில்லை. அவர்தம் பாட்டின் வடிவத்தையே கையாண்டு அறம் உரைத்தனர்.

காஞ்சி நாட்டின் இன்றைய நிலைக்கு வருவோம். காஞ்சியிலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் ஓரிக்கை உள்ளது. கணிகண்ணனை மன்னன் நாடு கடத்தியபோது அவனோடு திருமழிசையாழ்வாரும், ஆழ்வாரோடு திருமாலும் புறப்பட்டுச் சென்று ஓரிரவு தங்கிய இடம் ஆதலின், ஓரிரவு இருக்கை என்பது ஓரிக்கை ஆயிற்று என்பது வழிவழி வரும் வரலாறு. தள்ளப்பட்ட ஒருவனோடு உடன் சென்றோர் நினைவாக ஓர் ஊர்ப்பெயர் நிற்பது பெருமைக்குரியது.

இந்த வட்டாரத்தில் இன்றும் ஓரிரவு இருக்கை உண்டு. அது கூத்து இரவு. காஞ்சி, உத்திரமேரூர், செய்யாறு, வந்தவாசிப் பகுதிகளில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா பல நாள் நடைபெறும். பகலில் பாரதச் சொற்பொழிவு. இரவில் விடிய விடியக் கூத்து. கிரீடம், புசக்கட்டை, மார்புப் பதக்கம் முதலிய மரத்தாலான அணிகளே கட்டை எனப்படும்; அதனால் கட்டைக்கூத்து என்னும் பெயர் உண்டாயிற்று. முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஒலிக்க, கட்டியங்காரன் காண்போரை நோக்கி நேரே பேசுவான், ஊர்க்குறையையும் எடுத்துரைப்பான். அருச்சுனன் தவத்தன்று வேடமிட்டவர் உயர்ந்த மரத்தின்மேல் ஏறுவார். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே காத்திருந்து அவர் வீசும் பூவையும் பழத்தையும் பெறுவர். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவைச் சுற்றி ஊரே கூடி நிற்கும். பார்ப்பவர் யார், ஆடுபவர் யார் என்று பிரித்தறிய இயலாத நிலை அது. இந்த ஊர்களில்தான் தமிழ்ச் சமணக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கரந்தை, திருப்பணமூர் போன்ற சமண ஊர்களின் செவிகட்கு அந்த முகவீணை ஒலி புதிதன்று.

ஆயினும் உண்மையை மறைத்தல் வாய்மை ஆகாது. கூத்து ஊரைக் கூட்டியது. எல்லாரையும் ஒரே வகையில் கூட்டவில்லை. பல ஊர்களில் யார் எங்கே அமர்வது என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. பறை முழக்கியவர் விழாவுக்கு வேண்டியவராக இருந்தார். விழாப் பந்திக்கு வேண்டாதவராக இருந்தார். பெண்கள் இரவெல்லாம் விழித்துக் கண்டனர். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். கூத்தாடி என்னும் சொல் ஏச்சாகவும் வழங்கிற்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையால் புகழ்பெற்றவை. அவற்றிலும் நிலம், சொந்த மனை, வயது, வேதக்கல்வி என்னும் தகுதிகள் உண்டு. அவை இல்லாதார் பெயர் குடத்துக்குள் விழவில்லை. எந்த வட்டமும் சிலரை உள்ளே வைக்கும்போது சிலரை வெளியே நிறுத்திவிடக்கூடும். இதனை உணர்ந்து வட்டத்தை விரிப்பதே அறம்.

அவ்வாறு விரித்த முயற்சி ஒன்று காஞ்சிக்கு அருகிலேயே நிகழ்ந்தது. கூத்துக் குடும்பத்தில் பிறந்து, பத்து வயதளவில் பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர் பெ. இராசகோபால். அவரும், நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்து அவர் வாழ்க்கைத் துணைவியான ஹன்னே டி புருயினும் பிற கலைஞர்களோடு சேர்ந்து 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை வளர்த்தெடுக்கத் தொடங்கினர். 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கப்பெற்றது. கூத்துக்காகப் பள்ளியை இழந்தவர், பிள்ளைகள் கூத்தையும் பள்ளியையும் ஒருங்கே பெற வழி செய்தார். எளிய குடும்பத்துப் பிள்ளைகள் சாதி வேறுபாடின்றி அங்கே உண்டு, உறங்கி, பயின்றனர். பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பெற்றனர். ஆண்களுக்கே உரியவை எனக் கருதப்பட்ட கட்டை வேடங்களையும் அவர்கள் ஏற்று ஆடினர். பின்னாளில் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகிய கருநாடக இசைக்கலைஞர்கள் இராசகோபாலின் குழுவினரோடு ஒரே மேடையில் நிகழ்ச்சி நடத்தினர். குருகுலம் 2020-இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளே அது நடைபெற்றதெனினும், பெண்ணால் இயலாது, பிற சாதியார்க்கு வாராது என்னும் கூற்றுகளுக்கு அது விடை கூறிவிட்டது.

அவையோரே, கூத்து பயிற்சி வேண்டும் கலை. கும்மி அவ்வாறன்று. அதற்குக் கருவி இல்லை; கை இரண்டே கருவி. கோலாட்டத்துக்குக் கோல் இரண்டு போதும். அறுபது வயது மூதாட்டியும் ஆறு வயதுப் பேத்தியும் ஒரே அடியில் அடியெடுத்து வைக்கக்கூடிய ஆடல் அது. அது மெல்ல மெல்ல விழாக்களிலிருந்து நழுவுகின்றது. அதன் இடத்தில் ஒலிபெருக்கி வைத்த மேடை வந்துவிட்டது. மேடைமேல் சில பிள்ளைகள் ஆடுகின்றனர். கீழே பெற்றோர் கைப்பேசியில் படம் பிடிக்கின்றனர். அப்பிள்ளைகளின் திறமை போற்றத்தக்கதே. ஆனால் மாதவியின் அரங்கு மட்டும் எஞ்சி, மாதரியின் மன்றம் மறைந்தால் இழப்பு யாருக்கு? சென்னையிலும் வெளிநாட்டிலும் வாழ்ந்து ஆண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் குடும்பங்கட்கே முதல் இழப்பு. ஒருவர் முகத்தை மற்றவர் கண்டு, கை பற்றி, பெயர் கேட்டு அறியும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? எண்ணிக்கையில் சிறிய சமுதாயம், அறிமுகம் குன்றினால் மேலும் சிறுத்துவிடும்.

ஆதலின் ஒரு வேண்டுகோள் அறக்கட்டளையின் முன் வைக்கப்படுகின்றது. திருவிழா மாலையில் ஒரு மணி நேரம் மேடையை ஒதுக்கிவிட்டுக் கோயில் வெளியில் கும்மிக்கு இடம் தர வேண்டும். சோறு சமைத்தவரும், பூத்தொடுத்தவரும், மேளம் வாசித்தவரும், பந்தல் கட்டியவரும், அடுத்த தெருவில் வேறு சமயம் சார்ந்து வாழ்பவரும் அதற்கு அழைக்கப்பெற வேண்டும். பாட்டு தெரிந்த தாய்மார் இருக்கும்போதே இளையோர் அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பொருட்செலவு சிறிதும் இல்லை. எழுவர் கிடைத்தால் போதும். குரவைக்கு அதுவே தொடக்க எண்.

கறவையும் கன்றும் துயர் நீங்க ஆடிய வட்டம் அது. அதில் இன்னும் இடம் உள்ளது. அனைத்துயிரும் இன்புற்று வாழ்க.