அனுமதி வேறு, உரிமை வேறு: வெனிஸ் யூதர் குடியிருப்பின் வரலாறு



'கெட்டோ' என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒடுக்கப்பட்ட மக்களை ஒதுக்கி வைத்த குடியிருப்புக்கு உலகமே சொல்லும் பெயர் அது. அந்தப் பெயர் இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் பிறந்தது. உலோகம் வார்க்கும் பட்டறை இருந்த இடம் என்பதால் அந்தப் பெயர் வந்ததாகப் பலரும் கூறுகிறார்கள்.

1516 மார்ச் 29. யூதர்கள் அந்த ஓரிடத்தில்தான் வாழ வேண்டும் என்று வெனிஸ் அரசு ஆணையிட்டது. சுற்றிலும் கால்வாய். இரவானால் வாசல்களைப் பூட்டிவிடுவார்கள். காவலாளிக்குச் சம்பளம் கொடுத்தது யார் தெரியுமா? உள்ளே அடைபட்டிருந்த யூதர்களேதான்! முன்பு அங்கே குடியிருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வாடகையும் அவர்கள் கட்ட வேண்டும். சொந்த வீடு வாங்க முடியாது. அடகுக்கடை, பழைய துணி வியாபாரம், மருத்துவம் என்று சில தொழில்கள்தான் செய்யலாம். வெளியே போனால் அடையாளத்துக்கு நிறத்தொப்பி அணிய வேண்டும்.

மக்கள் பெருகினார்கள், இடம் பெருகவில்லை. அதனால் மாடி மேல் மாடி கட்டினார்கள். கூரைகள் தாழ்வாக இருந்தன. அந்த நெருக்கடியிலும் ஐந்து தொழுகைக் கூடங்களை எழுப்பினார்கள். தங்கள் மொழியையும் சமயத்தையும் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். யூதர்கள் அந்த நகரத்தில் வாழ்ந்தது ஒப்பந்தத்தின் பேரில். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணம் கட்டி, பேரம் பேசிப் புதுப்பிக்க வேண்டும். பாட்டன், பூட்டன் காலத்திலிருந்து வாழ்ந்தாலும் அது அனுமதிதான், உரிமை அல்ல.

1797-இல் நெப்போலியனின் படை வந்தது. கெட்டோவின் கதவுகளைப் பெயர்த்து எரித்தார்கள். வெனிஸ் 1866-இல் இத்தாலியோடு இணைந்தபோது யூதர்கள் முழுக் குடியுரிமை பெற்றார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 1938-இல் முசோலினி அரசு இனவெறிச் சட்டம் கொண்டு வந்தது. யூதப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளிலிருந்தும், ஆசிரியர்களை வேலையிலிருந்தும் நீக்கினார்கள். 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை நகரத்தைப் பிடித்தது. யூதச் சமூகத் தலைவரான மருத்துவர் ஜுசெப்பே யோனா, தம் மக்களின் பெயர்ப் பட்டியலை ஒப்படைக்காமல் உயிரை விட்டார். அடுத்த ஆண்டுக்குள் இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பிடித்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் எட்டே பேர்.

உறவுகளே, சட்டத்தில் எழுதிய உரிமையையும் இன்னொரு சட்டத்தால் பறிக்க முடியும். முதல் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கும்போதே ஊர் கேள்வி கேட்க வேண்டும். அது நம் பிள்ளையாக இல்லாவிட்டாலும் கேட்க வேண்டும். இதை இன்று வீட்டில் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.