மழையும் நஸீபும்

 

வேளச்சேரியில் குடியிருக்கும் நாம் வானம் கறுத்தவுடன் எண்ணுவது, "இம்முறை நம் தெருவுக்கா, அடுத்த தெருவுக்கா?" என்பதையே. ஒரு தெருவில் கட்டில் வரை தண்ணீர் நிற்கும். அடுத்த தெருவில் வாசற்படி கூட நனைந்திராது. தப்பியவர் "நம் நஸீபு" என்கிறார். அகப்பட்டவர் வீட்டிலோ "இந்த வீடு ராசியில்லை" என்ற பேச்சு கிளம்புகிறது. சில வீடுகளில் அது புதிதாக வந்த மருமகள் மீதும் விழுகிறது. ஸபர் மாதத்தைப் பீடை என்றெண்ணி, ஒடுக்கத்துப் புதனன்று பரிகாரம் தேடிய பழக்கத்தின் மிச்சமே இது. சகுனம் பார்ப்பதை மார்க்கம் மறுத்திருப்பதை ஜும்ஆ மேடையில் பலமுறை கூறியாயிற்று. அந்தப் பெண்ணின் மனம் நொந்ததற்கு மறுமையில் யார் பதில் சொல்வது?

எவ்வளவு மழை, எவ்விடத்தில் என்பது இறைவனின் நாட்டம். 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் பெய்தது. அதே நேரத்தில் தாம்பரத்தில் 49. ஆனால் பெய்த நீர் எங்கே போய் நிற்கும் என்பது மறைவான ஞானமன்று. 265 ஏக்கர் இருந்ததாகச் சொல்லப்படும் நம் ஏரி 55 ஏக்கராகச் சுருங்கி, எஞ்சிய இடத்தில் மனைகளும் சாலைகளும் வந்தன. வீராங்கால் ஓடை வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவைத் தாண்டிப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போக வேண்டிய நீர், வழியற்று ராம் நகரிலும் ஏ.ஜி.எஸ். காலனியிலும் தேங்குகிறது. 2015 வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்றே இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறித்தது. சதுப்பு நிலத்திற்கு 2022-இல் ராம்சர் தகுதி கிடைத்தது. நல்லதுதான், ஆயினும் கட்டியது கட்டியதே.

ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, ஸர்க் என்னும் இடம் வரை வந்துவிட்ட ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் உடன் வந்தோரோடு மதீனாவுக்குத் திரும்பத் தீர்மானித்தார்கள். இறைவிதியிலிருந்து ஓடுகிறீர்களா என அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அவனது ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்வதாகக் கலீஃபா விளக்கினார்கள். செழித்த சரிவும் வறண்ட சரிவும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எதில் மேய்த்தாலும் அது விதிக்குட்பட்டதே என்று உவமையும் காட்டினார்கள். "எல்லாம் களா கத்ரு" என்று சாய்ந்துவிடுவோர்க்கு இந்நிகழ்ச்சி போதும்.

மழை எச்சரிக்கை வந்ததும் நம் பகுதியினர் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகின்றனர். 2024 அக்டோபரில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அஞ்சிய அளவு மழையும் பெய்யவில்லை. சிரிப்பவர் சிரிக்கட்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது இதுவே. நமக்குள்ள வருத்தம் வேறு. காருக்கு மேம்பாலம் தேடிய நம்மில் எத்தனை பேர் தரைத்தளத்து மூதாட்டிக்கு மாடியில் இடம் தேடினோம்?

ஐப்பசி பிறக்குமுன், தரைத்தளத்தில் தனித்திருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் யாவர் என்பதை, நம்மவர் பிறர் என்று பாராமல், நிர்வாகிகளிடம் எழுதிக் கொடுங்கள். மாடியில் ஓர் அறை ஒதுக்க இயன்றவர்களும் பெயர் தாருங்கள். புது வீடு வாங்குவோர், முன்பணம் கொடுக்குமுன் அத்தெருவில் நெடுநாளாகப் பால் போடுபவரிடம், 2015-இல் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது என்று கேட்டுவிடுங்கள். தரகர் அதைச் சொல்லமாட்டார்.