திண்ணைக்குப் போன கட்டில்

(பங்காளர் ஐக்கியக் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



ஆலயத்தில் சாதாரணமாய்ப் பேசப்படாத ஒரு காரியத்தை இன்று உங்கள் முன் வைக்கிறோம். பெரியவர்கள் தூக்கத்தில் தங்களை அறியாமல் படுக்கையை நனைத்துவிடுவதைக் குறித்தே பேசப்போகிறோம். கேட்டவுடனே உங்களில் சிலர் தலையைக் குனிகிறீர்கள். எங்களுக்கும் அந்தக் கூச்சம் உண்டு. ஆனால் அந்தக் கூச்சமே ஒரு மனிதருடைய உயிரை எடுக்கப் பார்த்ததை நாங்கள் கண்டோம்.

சில வருஷங்களுக்கு முன், கிறிஸ்மஸை ஒட்டிக் கிராமங்களில் வீடு சந்திக்கப் போனோம். ஒரு வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். வயது 68. சபையில் எல்லாருக்கும் வேண்டியவர். "அண்ணாச்சி, இந்தப் பனியில் ஏன் வெளியே படுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "உள்ளே புழுக்கமாயிருக்கிறது ஐயா" என்றார். மார்கழி மாதத்தில் என்ன புழுக்கம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஜெபித்தோம், கொடுத்த காப்பியைக் குடித்தோம், அடுத்த வீட்டிற்குப் போய்விட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அவரை வாடகைக் காரில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கால்கள் வீங்கியிருந்தன. ஓயாத வாந்தி. கூப்பிட்டால் அரைக்கண் திறந்து பார்ப்பார், அவ்வளவுதான். டாக்டர் அடிவயிற்றில் கை வைத்தார். சிறுநீர்ப்பை தொப்புள் வரை புடைத்திருந்தது. குழாய் போட்டபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் சிறுநீர் இறங்கியது. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகங்கள் வெகுவாய்ப் பழுதுபட்டிருப்பது தெரிந்தது.

நடந்தது என்னவென்றால், புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் போகும் வழியை நெருக்கிவிட்டது. பை முழுவதும் காலியாகாமல் நாளுக்கு நாள் தேங்கியது. நிரம்பிய குடத்திலிருந்து தண்ணீர் வழிவதுபோல, அவர் தூங்கும்போது வழிந்தது. தேங்கிய நீரின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களைத் தாக்கியது. இதில் வலியே இராது. வயதான ஆண் ஒருவர் புதிதாய்ப் படுக்கையை நனைக்கத் தொடங்கினால், அநேகமாய் உடல் தரும் முதல் எச்சரிப்பு அதுவே.

எட்டு மாதமாய் அந்த எச்சரிப்பு வந்துகொண்டிருந்தது. மருமகள் தினமும் விடியுமுன் எழுந்து துணிகளை அலசிப் போட்டிருக்கிறாள். "மாமா வெட்கப்படுவார்களே என்றுதான் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை ஐயா" என்று அழுதாள். மகனோ, வயதானால் அப்படித்தான் என்றிருந்துவிட்டார். பேரப்பிள்ளை ஒருநாள் சிரித்துவிட, பெரியவர் தாமே கட்டிலைத் திண்ணைக்குத் தூக்கிப்போனார். சாயங்காலத்திற்குமேல் தண்ணீர் குடிப்பதை விட்டார். பிறகு மகள் வீட்டிற்குப் போவதையும், கடைசியில் ஆராதனைக்கு வருவதையும் விட்டார். அந்த வீட்டில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஒருவர் மானத்தை ஒருவர் காக்கப் பார்த்தார்கள், நோய் உள்ளே வளர்ந்தது. கேட்டும் விசாரிக்காமல் வந்த நாங்களும் அதற்குப் பங்காளிகளே.

பிரியமானவர்களே, இந்தக் கஷ்டம் அபூர்வமானதல்ல. வயதுவந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு இது உண்டென்று மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். காரணங்கள் பல. சர்க்கரை வியாதி, சிறுநீரில் கிருமி, நாள்பட்ட மலச்சிக்கல், பக்கவாதம், தண்டுவடக் கோளாறு, தூக்க மாத்திரை, மது ஆகியவை சில. பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கும் இது வரலாம். சிறுவயது முதல் நிற்காமலே தொடர்கிற வாலிபரும் உண்டு. விடுதியில் தங்கிப் படிக்கவும், கல்யாணத்திற்குச் சம்மதிக்கவும் பயந்து அவர்கள் உள்ளுக்குள் வாடுகிறார்கள். அவர்களுக்கும் மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. இது சோம்பேறித்தனமுமல்ல, பாவத்தின் தண்டனையுமல்ல.

வீட்டில் செய்யவேண்டியதை எங்கள் நர்சுகள் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தண்ணீரை அடியோடு குறைக்காதீர்கள். பகலில் நன்றாய்க் குடித்து, இரவு நெருங்கும்போது குறைத்துக்கொள்ளுங்கள். மாலைக்குமேல் காப்பி, டீ வேண்டாம். படுக்குமுன் ஒருமுறை போய்வந்து, சற்றுப் பொறுத்து மறுபடியும் போகட்டும். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எந்நேரம் சாப்பிடுவதென்று டாக்டரிடம் கேட்கவேண்டும். மெத்தையின்மேல் ரப்பர் விரிப்பும், அதன்மேல் மடித்த பழைய நூல் வேஷ்டியோ சேலையோ போட்டால் மேல்துணியை மட்டும் அலசினால் போதும். நனைந்த இடத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வாசலைன் தடவினால் தோல் புண்ணாகாது. கட்டிலருகே யூரின் கேனும், கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கும் இருக்கட்டும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், சொட்டுச் சொட்டாய்ப் போவது, கால் வீக்கம், கால் மரத்துப்போவது இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதியாமல் அழைத்து வாருங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைகளுக்கு முன்பாகக் கடிந்துகொள்ளாதீர்கள். தனியே உட்கார்ந்து, "அப்பா, இது வியாதி, வாருங்கள், நாளைக்கு டாக்டரிடம் போவோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அந்த வீட்டில் எட்டு மாதமாய் ஆளில்லாமற் போயிற்று.

பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீயை நீங்கள் அறிவீர்கள். அவளும் வெட்கத்தினால் பின்னாலேதான் வந்தாள். நம்முடைய ஆண்டவர் ஜனக்கூட்டத்தின் நடுவே நின்று, அவளை மகளே என்று அழைத்தார். சரீரம் சுகமானதோடு, அவள் மறுபடியும் ஒரு குடும்பத்திற்குள் சேர்க்கப்பட்டாள். மருத்துவ ஊழியம் அந்த இரண்டையும் செய்யவேண்டும்.

அந்தப் பெரியவர் மூன்று வாரம் எங்களிடம் தங்கினார். சிறுநீரகங்கள் முழுவதுமல்ல, பெரும்பாலும் தேறின. பின்னர் ஆபரேஷனும் நல்லபடியாய் முடிந்தது. அது முதல் நாங்கள் வீடு சந்திக்கும்போது, இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், படுக்கை நனைகிறதா, எப்போதிருந்து என்று கூசாமல் கேட்கிறோம். ரப்பர் விரிப்பும் யூரின் கேனும் எங்கள் வண்டியில் எப்போதும் இருக்கின்றன. அவை நீங்கள் அனுப்பும் காணிக்கையில் வாங்கியவை. ஏழைகளுக்கு ஸ்கேனும் குழாயும் இலவசமாய்க் கிடைப்பதும் அதனாலேதான். தொடர்ந்து உங்கள் ஜெபத்தினாலும் உதவியினாலும் தாங்கும்படி வேண்டுகிறோம்.

இன்னொரு விண்ணப்பமும் உண்டு. இன்றிரவு வீட்டிற்குப் போனதும், உங்கள் வீட்டுப் பெரியவருடைய கட்டில் எங்கே கிடக்கிறதென்று பாருங்கள். அது இடம் மாறியிருந்தால், ஏனென்று அன்பாய் விசாரியுங்கள்.

அடுத்த கிறிஸ்மஸுக்கு நாங்கள் அதே வீட்டிற்குப் போனோம். திண்ணையில் கட்டில் இல்லை. "உள்ளே வாருங்கள் ஐயா" என்று அவரே எழுந்துவந்து அழைத்தார். கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.